ஜப்பான் பெட்டியில் போன ஃபில்டர்

எங்கள் அப்பாவுக்கு ஜப்பான் மேல் தனி மரியாதை. அந்த நாடு உலகப் படத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் ஒரு பொருள் நன்றாக உழைத்தால் அது ஜப்பானில் செய்தது, பாதியில் படுத்துவிட்டால் நம் பக்கத்தில் செய்தது என்று உலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். வீட்டில் இருந்த பழைய டார்ச் லைட் நாலு தட்டுத் தட்டியதும் எரிந்துவிட்டால்கூட, “உள்ளுக்குள்ள சப்பான் பல்பா இருக்கும்” என்பார்.

இந்த மரியாதைக்குக் காரணம் எங்கள் கார். இரண்டு கை மாறி எங்களிடம் வந்த வெள்ளை டீசல் கார் அது. மூலனூர் பக்கம் முருங்கைத் தோட்டத்தில் அப்பாவுக்கு வந்த பங்கும் அம்மாவின் கழுத்துச் செயினும் சேர்ந்து அந்தக் காராக மாறி, ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தின் முனையில் நின்றது. அதன் இன்ஜின் ஜப்பான்காரர்கள் போட்டுக்கொடுத்த டிசைன் என்று விற்றவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அன்று முதல் பானெட்டைத் திறக்கும்போது அப்பா செருப்பைக் கழற்றாததுதான் குறை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். திருப்பூரில் தெருவுக்குத் தெரு புதுப் பனியன் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு ஏற்றுமதி கம்பெனிக்கு அப்பா மாத வாடகைக்குக் கார் ஓட்டினார். வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வருகிறவர்களை, எங்கள் ஊர்ப் பேச்சில் பையர்களை, கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவதும் கம்பெனி கம்பெனியாகச் சுற்றிக் காட்டுவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை.

அம்மா அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியன்களை ட்யூப்லைட் தொங்கும் நீள மேசையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், வெட்டாத பிசிறு என்று தேடிப் பிடிப்பது அந்த வேலை. குறை இருக்கும் இடத்தில் அம்பு போட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும், அந்தத் துணி கப்பல் ஏறாது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைத் தேய்த்துப் பார்த்தே எடை எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுவாள். அவள் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்க அங்கே மேனேஜருக்குக்கூடத் துணிவில்லை என்று அவளுடன் வேலை பார்த்த திருநெல்வேலிக்கார அக்கா சொல்லுவார். வேலை முடிந்து வரும்போது அம்மாவின் ஹேண்ட்பேக்கில் மிச்ச ஸ்டிக்கர் ஒரு ஷீட்டாவது இருக்கும். எங்கள் வீட்டில் ஓட்டை விழுந்த பாவாடை, விரிசல் விட்ட தட்டு, நான் தப்பாகப் போட்ட கணக்கு எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு குத்தியிருக்கும்.

அந்த வருடம் அப்பாவுக்கு ஒரு சோதனை வந்தது. இன்ஜினில் ஓடும் ஆயிலை வடிகட்டுவதற்கு ஒரு டப்பா மாட்டியிருப்பார்கள். டம்ளர் பருமனில் இருக்கும், பெயர் ஆயில் ஃபில்டர். முந்தின சர்வீஸில் எங்கேயோ சல்லிசாகக் கிடைத்த உள்ளூர் ஃபில்டர் ஒன்றை அப்பா மாட்டியிருந்தார். ஒரு நாள் அவினாசி ரோட்டில், பின்சீட்டில் பையர் உட்கார்ந்திருக்கும்போது, அதன் ரப்பர் வளையம் விட்டு ஆயில் முழுக்க ரோட்டில் கொட்டிவிட்டது. உச்சி வெயிலில் அந்த மனிதரை ஆட்டோவில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

கம்பெனி மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, “இன்னொருக்கா பையரோட நடுரோட்டுல நின்னீங்கன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கறமுங்க” என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் சீட்டைக் கிழிப்பதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் கிழிப்பார்கள். அந்த வாடகை போனால் காரை விற்றுவிட்டு மூலனூருக்கே போய்விட வேண்டியதுதான் என்று அப்பா அம்மாவிடம் சொன்னதைப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு நானும் கேட்டேன். என் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடமும் அதோடு போய்விடும் என்று எனக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் புரியவில்லை.

அடுத்த வாரமே ஒரு பையர் வருவதாக இருந்தது. இந்த முறை ஒரு வாரம் முழுக்க அவருக்குக் கார் ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்கு வேறு போக வேண்டுமாம். அதற்குள் ஆயில் மாற்றிவிட வேண்டும் என்று அப்பா ஒரு சாயந்திரம் புது ஃபில்டர் வாங்கி வந்தார். பளபளவென்று சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெட்டி. சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“படி கண்ணு, என்ன போட்டிருக்குது?”

“மேட் இன் ஜப்பான்” என்று நான் உரக்கப் படித்தேன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், நான் படித்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்ற கர்வம் எனக்கு இருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே கறுப்பு டப்பா. முதலில் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு வளையத்தை நகத்தால் சுற்றி வந்தாள். விளிம்பில் தகடு மடித்த இடத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துச் சுற்றினாள். கடைசியாக, கை துடைக்க வைத்திருக்கும் வெள்ளைப் பனியன் வேஸ்ட் ஒரு துண்டை எடுத்து, மரை ஓடும் ஓட்டைக்குள் விட்டுத் திருகி வெளியே எடுத்தாள். துணியில் மினுமினுவென்று இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்து ஃபில்டரின் வயிற்றில் ஒட்டிவிட்டாள்.

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. “சப்பான்லருந்து வந்த சாமானுக்கே ஸ்டிக்கர் ஒட்டறயா?”

“எந்த ஊர்லருந்து வந்தா என்னங்க? எங்க டேபிளுக்கு வாரதெல்லாம் ஒரே கட்டடத்துல, ஒரே மிசின்ல தெச்சதுதான். அதுலயே பாஸும் இருக்குது, ரிஜெக்ட்டும் இருக்குது. ஊரப் பாத்துச் சொல்லீரலாம்னா எனக்கு எதுக்குங்க சம்பளம் குடுக்கறாங்க?”

“பனியன் பாக்கறவளுக்கு இன்ஜின் சாமானப் பத்தி என்ன தெரியும்?” என்று அப்பா கேட்டுவிட்டார். அந்த ஸ்டிக்கரையும் பிய்த்தெறிந்தார்.

 அம்மா அடுப்படிக்குப் போய் மாவு கரைத்தாள். கம்பெனியில் நூறு பேருக்கு முன்னால் செல்லுபடியாகும் தன் ஸ்டிக்கர் சொந்த வீட்டில் செல்லவில்லையே என்று அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தோசை வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் அம்மா அதோடு விட்டுவிடவில்லை. திருநெல்வேலிக்கார அக்காவின் தம்பி கோயம்புத்தூர்ப் பக்கம் ஃபில்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். இரண்டு நாள் கழித்து அந்த அக்கா எங்கள் காருக்குப் பொருந்துகிற ஃபில்டர் மூன்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“எக்கா, மூணு கொண்டாந்துருக்கேன். எங்க தம்பி செஞ்சதுன்னு பாக்காதீய, நல்லா பாத்து எடுத்துக்கிடுங்க” என்றார்.

அம்மா தாட்சண்யமே பார்க்கவில்லை. மூன்றையும் தூக்கிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், வெள்ளைத் துணியை விட்டுத் திருகினாள். இரண்டில் சிவப்பு அம்பு விழுந்தது. ஒன்றில் வளையம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது, இன்னொன்றில் தகட்டின் மடிப்பு கோணல். அந்த அக்கா சிரித்துக்கொண்டே இரண்டையும் பையில் திரும்பப் போட்டுக்கொண்டார். மூன்றாவதில் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. அம்மா அதை அதன் பழுப்பு அட்டைப் பெட்டியில் வைத்து, அடுப்படி அலமாரியில் அப்பாவின் ஜப்பான் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். “அவினாசி ரோட்டுல நின்னதும் உள்ளூர் சாமான்தான்” என்றார் அவர்.  “நாளைக்குக் காலைல வண்டி ஒர்க்‌ஷாப் போகுது. சப்பான் பில்டருதான் மாட்டறது” என்று முடித்துவிட்டார்.

காலையில் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூட யூனிஃபார்மில் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அம்மா சொன்னால் சரியாக இருக்கும். அப்பாவுக்கோ ஜப்பான் வேண்டும். இந்தச் சிக்கலுக்கு எங்கள் ஊரில் ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. அருள்புரத்தில் அம்மாவும் மற்றவர்களும் பார்த்து அனுப்பும் பனியன்கள் எல்லாம் கடைசியில் ஏதோ ஒரு சீமைப் பெயர் அச்சடித்த பையில்தான் போகும். உள்ளே இருப்பது எங்கள் ஊர்ச் சரக்கு, மேலே இருப்பது வாங்குகிறவருக்குப் பிடித்த பெயர். ஊரே செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். அம்மாவின் ஃபில்டரை எடுத்து ஜப்பான் பெட்டியில் வைத்தேன். ஜப்பான் ஃபில்டரைப் பழுப்புப் பெட்டியில் வைத்தேன். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. மூடியை அழுத்திவிட்டு ஸ்கூல் பேக்கை மாட்டிக்கொண்டு ஓடியே போய்விட்டேன்.

பனியனோடு வளர்ந்த பிள்ளைக்குப் பையும் பெட்டியும்தான் கண்ணில் படும். ஃபில்டரின் டப்பா மேலேயே செய்த கம்பெனியின் பெயரும் ஊரும் அச்சடித்திருக்கும் என்பதை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடத்தினார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. சாயந்திரம் அப்பா வருகிற சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் வந்தார், செருப்பைக் கழற்றினார், அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொன்னார்:

“சப்பான் பில்டரு மாட்டியாச்சு. இன்ஜினு சும்மா பட்டாட்டம் ஓடுது.”

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, “ஆமாங்க, சப்பான்காரங்க கெட்டிக்காரங்கதானுங்க” என்றாள். அவள் தோள் குலுங்கியது போல எனக்குத் தெரிந்தது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். அழவில்லை.

அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அதற்கு முன்னால் ஒரே ஒரு கண்டம் இருந்தது. அன்று மத்தியானம் அம்மா அரை ஷிஃப்ட் முடித்து வந்து அலமாரியைத் துடைத்திருக்கிறாள். நான் பள்ளி விட்டு உள்ளே நுழையும்போது பழுப்புப் பெட்டி அவள் கையில் இருந்தது. மேலும் கீழுமாக ஒரு முறை அசைத்தாள். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, “பால் குடிக்கறயா சாமி?” என்று கேட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன். துணியின் எடையை இரண்டு விரலில் கண்டுபிடிப்பவளிடம்தான் நான் தப்பித்தேனாம்!

பையர் வந்தார். திங்கள் முதல் சனிவரை கார் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அப்பா அவரை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பிவிட்டார். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற வேண்டும். அன்று முழுக்க அம்மா வீட்டில் இருந்த சாமான்களை எல்லாம் எடுத்துக் கழுவிக் கழுவி வைத்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள்.  கார் மலையில் நின்றுவிட்டால் அதற்குக் காரணம் நான்தான். அப்பா வாங்கி வந்ததை அப்படியே விட்டிருக்கலாமே என்று நூறு தடவை நினைத்தேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று, இனிமேல் எந்தப் பெட்டியையும் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் சந்து முனையில் ஹாரன் கேட்டது. அப்பா கையில் ஊட்டி கேரட் ஒரு கட்டு. “ஒரு எடத்துல மூச்சு வாங்கோணுமே, ம்ஹும்! போறப்பவும் சரி, வாரப்பவும் சரி” என்றார். பையர் மேனேஜரிடமே டிரைவரைப் பாராட்டிச் சொல்லிவிட்டாராம். இனிமேல் அவர் வரும்போதெல்லாம் இந்தக் கார்தான் வேண்டுமாம். அம்மா கேரட் கட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன். வயிற்றுவலி என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அப்பாவின் சிநேகிதர் ஒருவரின் கார் படுத்துவிட்டது. அவரும் அதே கடையில் அதே சிவப்பு வெள்ளைப் பெட்டியை வாங்கியிருந்தார். உள்ளே இருந்த காகிதம் ஊறிப் பிய்ந்து இன்ஜினையே இறக்கி வேலை பார்க்கும்படி ஆகிவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, அது ஜப்பானைக் கண்ணால்கூடப் பார்க்காத போலிச் சரக்கு, நிஜ ஜப்பான் ஃபில்டர் என்றால் இத்தனை லேசாக இருக்காது என்றாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லிவிட்டு, “நம்முளது ஒரிஜினலுங்கறதால தப்பிச்சோம்” என்று அம்மாவைப் பார்த்தார். “அதென்னமோ வாஸ்தவமுங்க” என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓட வேண்டியிருந்தது. இரண்டு பெரியவர்களை ஒரே நேரத்தில் ஏமாற்றிவிட்ட பெருமை எனக்கு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில விசித்திரங்கள் நடந்தன. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் அம்மாவைக் காலையில் அப்பா காரில், அதுவும் முன்சீட்டில் உட்கார வைத்து, அருள்புரம் வரைக்கும் கொண்டுபோய் விட ஆரம்பித்தார். பிரேக் ஷூ, பெல்ட், எதை வாங்கினாலும் நேராக ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகாமல் ஒரு ராத்திரி அடுப்படி அலமாரியில் வைத்திருந்து எடுத்துப் போனார். வேறு இடமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் படித்து முடித்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன். கூட்டிப்போக வந்த அப்பா காரில் என்னவோ பேச்சுவாக்கில் சொன்னார்: “உங்கம்மா ஒருக்கா என்ன பண்ணுனா தெரியுமா கண்ணு? சப்பான் பொட்டிக்குள்ள அவ பாஸ் பண்ணுன பில்டரை எனக்குத் தெரியாம மாத்தி வெச்சுட்டா. மெக்கானிக்கு பொட்டியத் தொறந்துட்டு, ‘ஏனுங்ணா, பொட்டி சப்பான், டப்பா கோயமுத்தூருன்னு இருக்குதுங்களே, மாட்டறதா வேண்டாமா’ன்னு கேட்டான். நான் அத்தன பேச்சுப் பேசியும், வண்டி நின்றக்கூடாதுன்னு அவ மாத்தி வெச்சிருக்கறாளே, அந்த மனசு யாருக்கு வரும்? எங்க ஊட்ல பாத்து அனுப்புனது, மாட்டுன்னு சொல்லிட்டேன். அவகிட்டக் கேட்டராத. எனக்குத் தெரியாதுன்னே அவ நெனச்சுட்டிருக்கட்டும்.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் முறுக்குச் சுட்டுக்கொண்டே அம்மாவிடம் மெதுவாகக் கிளறினேன். அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அவரு அன்னைக்கு அப்படிப் பேசிட்டாரே தவிர, காலைல நான் பாத்து வெச்சதைத்தான் எடுத்துட்டுப் போனாரு. நாலு பேருக்கு முன்னால கவுரதியா இருக்கோணும்னு சப்பான் பொட்டில போட்டுக்கிட்டாரு. நான் வந்து தூக்கிப் பாக்கறேன், எம்பட பொட்டில அந்த லேசு டப்பா கெடக்குது! எம் பேச்சுக்கு மதிப்பு குடுத்துட்டாரேன்னு எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. உங்கப்பாகிட்டக் கேட்டு வெக்காத சாமி, ரோசம் வந்துரும்.”

இரண்டு பேருக்கும் நான் இன்றுவரை சொல்லவில்லை. இனியும் சொல்வதாக இல்லை. ஒரு ஃபில்டரை வைத்து இருவரும் ஒருவருக்கொருவர் அத்தனை வருடம் நன்றியோடு இருந்தார்கள், அந்த நன்றியில்தான் நான் வளர்ந்தேன், படித்தேன், இந்த நிலைக்கு வந்தேன். யூனிஃபார்மோடு அலமாரி முன்னால் நின்ற அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஒரு காரைக் காப்பாற்றிவிட்டோம் என்று மட்டும்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.